தினம் மூன்று சுற்று

எந்த வேலையையும் தொடங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. முடிப்பதைப் பற்றி மட்டும் என்னிடம் பேசக் கூடாது. எங்கள் வீட்டில் பாதி கயிறு பின்னிய கட்டில் ஒன்று இருந்தது. கொல்லையில் பாதி தோண்டிய கிணறு ஒன்று இருந்தது. ஆரம்ப சூரத்தனம் என்பார்களே, அதற்குத் திருத்தணியில் ஓர் ஆளை நிற்க வைத்துக் காட்டுவதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கட்டிலையும் கிணற்றையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். காரைப் பற்றி அப்படிச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

நாங்கள் பொதட்டூர்பேட்டையில் தறி போட்ட குடும்பம். தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து டிரைவர் ஆனவன் நான். யுத்தத்துக்கு முன்னால் ஒரு பழைய நாலு சிலிண்டர் காரைப் பிடித்து, திருத்தணி ரயிலடியில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினேன். மாமன் மகளையே கட்டி வைத்தார்கள். அவளும் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். முறைப்படி என்னைப் பாவா என்று கூப்பிடுவாள்.

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதாகப் பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். திருவள்ளூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் வீட்டாரைத் திருத்தணிக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். கனகம்மாசத்திரம் தாண்டியதும் எஞ்சினில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பின்சீட்டிலிருந்த பெரியவர், "இன்னா டிரைவரே, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேருவோமா, இல்ல இறங்கித் தள்ளணுமா?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விடாமல் மிதித்தேன். முகூர்த்தம் தவறவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசம்கூடச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு வந்து, கிளப்புவதற்காக முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் உள்ளே சல்லிக்கல்லைக் கொட்டிக் குலுக்குவதுபோல் இருந்தது.

அரக்கோணத்தில் பட்டறை வைத்திருந்த பாய்தான் எனக்கு எல்லா வேலையும் செய்பவர். ரயிலேறி வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "மூணாவது பிஸ்டனைத் தாங்குற ராடுல பேரிங் உருகிப் பூடுச்சு டிரைவரே. புதுசா ஈயம் வார்க்கணும். இப்போ ஈயத்துக்கு எங்க போறது? பிஸ்டன் ரிங்கும் மெட்ராஸ்ல கெடைக்கல" என்றார். அந்த ஒரு பிஸ்டனையும் ராடையும் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டார். மற்ற மூன்றையும் எஞ்சினுக்குள்ளேயே விட்டார். திருத்தணியில் எங்கள் வீட்டை ஒட்டின ஓலைக் கொட்டகையில் காரைத் தள்ளி நிறுத்தினோம்.

கிளம்பும்போது அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் இன்றும் சொல்வேன். "சாமான் வர்ற வரைக்கும் உள்ள துரு ஏறாம பாத்துக்குங்க. எஞ்சின் ஆயிலு இப்போ கெடைக்காது. வாரத்துக்கு ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் பிளக் ஓட்டையில வுடுங்க. ஆனா வுட்டுட்டு சும்மா இருந்துடக் கூடாது. தினம் ஹேண்டில் போட்டு மூணு சுத்து. சுத்துற வரைக்கும்தான் அது எண்ணெய். நின்னுதுன்னா கோந்து." இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். காதில் வாங்கிக்கொண்டவள், அவருக்கு மோர் கொண்டுவந்த என் மனைவி.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பொதட்டூர்பேட்டையில் எங்கள் தெருவில் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டால் அதை ஒரு நாள்கூடச் சும்மா விட மாட்டார்கள். நெய்கிறவனுக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டில் விருந்து வந்திருந்தாலும், யாராவது ஒருவர் போய்த் தறியில் உட்கார்ந்து மூன்று இழை ஓட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அது நெசவுக்காக இல்லை, பாவுக்காகத்தான். நம்மை மறந்துவிட்டார்கள் என்று பாவு நினைக்கக் கூடாதாம். பாய் மூன்று சுற்று என்றதும் அவளுக்கு இது அந்தக் கணக்காகத்தான் பட்டிருக்கிறது. மறுநாள் காலையில் வாசலில் கோலம் போட்ட கையோடு கொட்டகைக்குப் போய் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினாள். பிளக்கெல்லாம் கழற்றியிருந்ததால் எஞ்சின் லேசாகத்தான் சுற்றும். பெண்பிள்ளை கார் ஹேண்டிலைச் சுற்றுவதைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு மேல் அவள்தான் சுற்றினாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், காரணம் சொன்னேன். யுத்தம், பெட்ரோல் கூப்பன், ஈயம் இல்லை, ரிங் இல்லை. மெட்ராஸுக்கு ஒருமுறை நேரில் போய்த் தேடுங்கள் என்று பாய் சொல்லியனுப்பினார். போகலாம் போகலாம் என்று போகவே இல்லை. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. முதல் மாதம் காரைத் தினமும் துடைத்தேன், இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும். பார்க்காமல் இருந்தால் எரியாது. இதுதான் என் புத்தி.

வயிற்றுப்பாட்டுக்குக் கரி பஸ் ஓட்டப் போனேன். பெட்ரோல் இல்லாத அந்த நாளில் பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நெருப்பு மூட்டி ஊத வேண்டும். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தால் என் மனைவி சிரிப்பாள். "உங்க கட்டில்ல படுத்துகினு, உங்க கெணத்துல தண்ணி மொண்டுகினு, உங்க கார்ல ஊர் சுத்தப் போறேன் பாவா" என்பாள். அவள் கிண்டலில் முள் இருக்காது. அதனாலேயே எனக்கு உறைக்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் உண்டானாள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் குனிந்து சுற்றக் கூடாது என்று நானே தடுத்துவிட்டு, ஹேண்டிலைக் கையில் வாங்கினேன். அவள் பக்கத்தில் நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினாள். ஒரு நாளும் தவறவில்லை. என்னைப் போன்ற ஆளுக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஒருத்தர் வேண்டும். அந்த இரண்டு மாதமும் கொட்டகைக்குப் போக எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. பாய்க்கு நானே இரண்டு முறை ஆள் அனுப்பினேன். எங்கேயோ ஒரு ஓடாத லாரியிலிருந்து பழைய ஈயம் கிடைத்திருக்கிறது, ஆவணிக்குள் வார்த்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுப் பொதட்டூர்பேட்டைக்கு அழைத்துப் போனார்கள். என் பஸ்ஸிலேதான் போனாள். வழியெல்லாம் புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "கொழந்தையைத் தூக்கிகினு இந்தப் பொகையில நான் வர மாட்டேன். நம்ம கார்லதான் வருவேன். அதுக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?" என்றாள். முடித்துவிடுவேன் என்றேன். "நான் இல்லன்னு மூணு சுத்தை வுட்டுடாதீங்க பாவா" என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. என்னை என்னவென்று நினைத்தாய் என்று கேட்டேன். அவள் வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு போனாள்.

பத்து நாள் சுற்றினேன். உண்மையாகவே சுற்றினேன். பதினோராம் நாள் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தொடங்கிவிட்டது. காவடிகள் ரயிலிலும் வண்டியிலும் நடையிலுமாக வந்து குவிந்தன. பஸ்ஸுக்கு ஓய்வே இல்லை. விடிவதற்குள் கரி மூட்டப் போக வேண்டும். தினமும் சுற்ற நேரமில்லை, அதற்குப் பதிலாக எண்ணெயை மொத்தமாக விட்டுவிட்டால் என்ன என்று ஒரு யோசனை தோன்றியது. ஊரில் எதற்கும் ஆமணக்கெண்ணெய்தானே. குழந்தைக்கு வயிறு கட்டினால், வண்டி அச்சு கிரீச்சிட்டால், கண் எரிந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான். செக்கிலிருந்து ஒரு படி வாங்கிவந்து, பிஸ்டன் இருந்த மூன்று ஓட்டையிலும் முட்ட முட்ட ஊற்றினேன். குடித்துவிட்டுப் படுத்துக் கிட என்று சொல்லிவிட்டு ஹேண்டிலை ஆணியில் மாட்டினேன். பாய் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. கிருத்திகை முடியட்டும், சேர்த்துச் சுற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது.

கிருத்திகை முடிந்தது. நான் சுற்றவில்லை. இரண்டு நாள் விட்டவனுக்கு மூன்றாம் நாள் வெட்கம், பத்து நாள் விட்டவனுக்கு அதுவும் கிடையாது.

பொதட்டூர்பேட்டையில் பஸ் நிற்கும் வேப்பமரத்தடிக்குத் தினமும் காலையில் அவள் வந்துவிடுவாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கையில் மோர்ச் சொம்போடு நிற்பாள். நான் குடித்து முடிக்கும்வரை பேச மாட்டாள். சொம்பைத் திருப்பி வாங்கும்போது, "சுத்தினீங்களா?" என்பாள்.

"ஆங்" என்பேன்.

அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் இந்த ஒரே கேள்வி, ஒரே பதில். முதல் நாள் சொல்லும்போது தொண்டையில் சிக்கியது. பிறகு மோரோடு சேர்ந்து இறங்கப் பழகிவிட்டது.

ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். சாக்கைப் பிரித்து, பிஸ்டனையும், புதிதாக ஈயம் வார்த்த ராடையும், ஒரு செட் பழைய ரிங்கையும் எடுத்து வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு நாள் வேலை டிரைவரே. மூணாம் நாள் கார்லயே போய் வீட்டம்மாவைப் பாத்துட்டு வாங்க" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் செருகினார். அசையவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் அழுத்தினார். கம்பிதான் வளைந்தது. கம்பியை எடுத்துவிட்டு, ஒரு குச்சியைப் பிளக் ஓட்டையில் விட்டு இழுத்தார். அதன் நுனியில் பலாப்பிசின் மாதிரி நூல் நூலாக வந்தது.

"எத்தினி நாளாச்சு சுத்தி?" என்றார்.

"நேத்துகூடச் சுத்தினேனே" என்றேன். வாய் பழகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா.

அவர் குச்சியை மோந்து பார்த்து ஓரமாக வைத்தார். "சரி, உங்களை எதுக்குக் கேக்கணும். இதைக் கேட்டேன், இது சொல்லிடுச்சு" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உடைத்தவன் எதிரே நின்றுகொண்டிருந்தேன். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறப்போட வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது, அந்த மண்ணெண்ணெயும் ரேஷன் என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் வேப்பமரத்தடியில் அவள் கேட்டாள். ஆங் என்றேன். பாய் வந்தாரா என்றாள். இன்னும் வரவில்லை என்றேன்.

புரட்டாசியில் ஒரு நாள், காலை நடை முடித்து நான் திருத்தணிக்குத் திரும்பிய பிறகு, அவளுக்கு வலி எடுத்திருக்கிறது. நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். உச்சிவேளையில் மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அடுத்த பஸ் என்னுடைய சாயங்கால பஸ்தான். வேறு மோட்டார் அந்த ஊரில் கிடையாது. மாமா மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்துக் கிளம்பினார்.

நான் சாயங்கால நடை ஓட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் மாமாவின் வண்டி எதிரே வந்தது. மாடுகளுக்கு வாயில் நுரை தள்ளியிருந்தது. பஸ்ஸை நிறுத்தி அவளை ஏற்றி, திருப்ப இடமில்லாத அந்த ரோட்டில் எப்படித் திருப்பினேனோ தெரியாது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கரி வண்டி மேட்டில் ஏறாது. ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை ஒரு தரமும் அழவில்லை. ஆண் குழந்தை. கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். எந்த நோக்கமும் இல்லாமல் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வராந்தாவில் நின்றபடி, கார் ஓடியிருந்தால் அதோடு அவள் ஊரிலேயே காத்திருப்பேன், எவ்வளவு நேரத்தில் வந்திருப்போம் என்று கணக்குப் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கணக்கையும் நான் முடிக்கவில்லை.

இரண்டு மாதம் தாய்வீட்டில் இருந்துவிட்டு அவள் என் பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். எனக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் சீட்டில், மடியில் ஒரு துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை புகைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். நான் எழுந்து வருவதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டாள். ஹேண்டிலைச் செருகி ஒருமுறை அழுத்தினாள். வரவில்லை. தன் உடம்பில்தான் பலம் இல்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மறுபடியும் அழுத்தினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையும் அவள் அழுத்தப் போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வுட்டுடு. அது சுத்தாது" என்றேன்.

திரும்பினாள். "எப்போலேர்ந்து?"

"கிருத்திகையிலேர்ந்து."

அவள் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாய் சாமான் எடுத்துகினு எப்போ வந்தாரு?"

"ஆவணியில."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. அழவும் இல்லை. திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், இல்லையென்றால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், இரண்டில் ஒன்று செய்திருப்பேன். அவள் ஹேண்டிலை உருவி, புடவைத் தலைப்பால் துடைத்து, ஆணியில் மாட்டினாள். "மூஞ்சி கழுவிகினு வாங்க, களி ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை.

அன்றுமுதல் நான் வேலை செய்தேன். இத்தனை வருஷம் கிடந்த எஞ்சினை விடாமல் எப்படி முடித்தாய், அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று பிற்காலத்தில் பலபேர் கேட்டிருக்கிறார்கள். மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தினமும் ஏதாவது ஒன்று. ஒரு நாள் மண்ணெண்ணெய், ஒரு நாள் மரக்கட்டையை வைத்து நாலு தட்டு, ஒரு நாள் ஒரே ஒரு திருகைக் கழற்றித் துடைத்து மாட்டுவது. எட்டு மாதத்தில் முதல் பிஸ்டன் அசைந்தது. இரண்டாவது வருவதற்குள் உடைந்தது. அதற்கு மாற்றுத் தேடி மெட்ராஸில் சந்து சந்தாக அலைந்தேன். அப்போது போகாத மெட்ராஸுக்கு இப்போது ஆறு முறை போனேன். பாய் ஞாயிறுதோறும் வந்தார். அந்தப் பழைய பேச்சை அவர் ஒருபோதும் எடுக்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. நடுவில் ஒரு மாதம் கட்டிலையும் பின்னி முடித்தேன். அதில் அவள் படுத்தாள்.

யுத்தம் முடிந்து, கரி பஸ்ஸெல்லாம் போய், பெட்ரோல் மறுபடியும் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கிய ஒரு தை மாதத்தில் எஞ்சின் வேலை முடிந்தது. பாய் கடைசித் திருகை முறுக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். ஹேண்டிலை நான் எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஹேண்டிலை நீட்டினேன். இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். முதல் சுற்று அவள் கையால் சுற்ற வேண்டும்.

அவள் ஹேண்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களே சுத்துங்க பாவா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கை ஈரமாக இருக்கிறது என்பதுபோல்தான் சொன்னாள்.

நானே சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. தெருவே கூடிவிட்டது. பாய் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் சத்தம்தான் வந்தது.

அடுத்த வாரம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொதட்டூர்பேட்டைக்கு அவளைக் காரில் அழைத்துப் போனேன். வாடகைக்கு வந்தவள் மாதிரி பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். போகும்போது வழியெல்லாம் மாட்டு மந்தையும் சந்தைக் கூட்டமுமாக நின்று நின்று போனோம். திரும்பும்போது ரோடு காலியாக இருந்தது. வேப்பமரம் போயிற்று. ஓடைப் பாலம் போயிற்று. பஸ்ஸை இறங்கித் தள்ளிய மேட்டில் கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. மலை தெரிந்தது, ரயில்வே கேட் திறந்திருந்தது, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டோம். அவள் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ்ளோதானா பாவா? இவ்ளோ கிட்டவா இருக்குது?"

"ஆங்" என்றேன்.